நாலு கதிரை

நுரைச்சோலையில் விடிய நாலு மணி. வலென்சியாவில் முந்தைய இரவு பதினொன்றரை. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்க எழும்பிய மருமகன், புத்தகத்தைத் திறக்கு முன்னால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியலைத் தட்டி விட்டிருந்தான். ‘இவை தமிழ் அல்ல, இன்றே கைவிடுவோம்’ என்று தலைப்பு. கதிரை வேண்டாம், நாற்காலி. குசினி வேண்டாம், அடுக்களை. யன்னல் வேண்டாம், சாளரம். பாணுக்கு வெதுப்பி, சப்பாத்துக்குக் காலணி, சாவிக்குத் திறவுகோல், அலுமாரிக்கு நிலைப்பேழை. நாற்பது சொல்லுக்குக் குறையாது. அடியில் கைகூப்பும் படம் இரண்டு.

டீச்சருக்கு வந்த கோபத்தில் தேத்தண்ணி ஆறிப்போனது.

அவரை டீச்சர் என்றே சொல்லலாம். ஊரில் பெற்ற உம்மாகூட இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார். கற்பிட்டிக் குடாநாட்டு மணலில் வெங்காயமும் மிளகாயும் போடும் குடும்பம். கொழும்பில் உள்ளவர்களுக்கு நுரைச்சோலை என்றால் அனல்மின் நிலையம்தான். சீனர்கள் கட்டிய, 2011இல் ஓடத் தொடங்கிய, 900 மெகாவாட் நிலையம். அது நின்றால் நாடு இருளும், அன்றைக்கு மட்டும் ஊர்ப்பெயர் செய்தியில் வரும். சிங்களத்தில் நொரோச்சோலை என்பார்கள். அம்பாறைப் பக்கம் இன்னொரு நுரைச்சோலை இருப்பதால் விலாசம் எழுதும்போதெல்லாம் புத்தளம் மாவட்டம் என்று அடிக்கோடிட வேண்டியிருக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போய் ஸ்பெயின் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார் டீச்சர். ‘ஆங்கிலம் தாய்மொழியானவர் மட்டும்’ என்று விளம்பரம் போடும் தனியார் வகுப்புகளின் வாசலில் அவர் பட்ட பாடு தனிக்கதை.

இந்தக் கதை வீட்டுச் சாமான் பற்றியது.

போன புதிதில் வாடகை அறையின் வீட்டுக்காரி ஒவ்வொரு பொருளாகத் தொட்டுக் காட்டிப் பெயர் சொன்னார். மேசா, மேசை. பான், பாண். அர்மாரியோ, அலுமாரி. தோவாயா, துவாய். போத்தோன், பொத்தான். உட்காரும் நீண்ட பலகை பாங்கோ, நம்முடைய வாங்கு. ‘கொதீனா’ என்றபோது மட்டும் கொஞ்சம் தடுமாறியது. ஸ்பெயினில் பெரும்பாலோர் அதன் நடு எழுத்தை நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். நாக்கை உள்ளே இழுத்துச் சொல்லிப் பார்த்தார்: கொசீனா, குசினி. அதே கணக்கில் ‘தபாத்தோ’ சப்பாத்து ஆனது. ஒரு மணி நேரத்தில் முப்பது சொல். கற்பித்தல் முறை பற்றி டிப்ளோமா வரைக்கும் படித்தவர், இவ்வளவு சுலபமான முதற்பாடத்தை எங்கேயும் கண்டதில்லை. உச்சரிப்பிலும் ஸ்பானிஷ் வகுப்பில் கூடப் படித்த ஆங்கிலேயரை முந்தினார். ‘பெரோ’ என்றால் ஆனால். ‘பெர்ரோ’ என்றால் நாய். சின்ன ர, பெரிய ற என்று பள்ளிக்கூடத்தில் குட்டு வாங்கிய நாக்குக்கு அதில் என்ன கஷ்டம்? எஸ்பாஞா என்ற நாட்டுப் பெயரில் உள்ள ஞாவும் அப்படியே.

தலைக்கனம் ஏறியது. தளபாடக் கடைக்குப் போய், கதிரையைக் கொஞ்சம் நீட்டினால் ஸ்பானிஷ் ஆகிவிடும் என்ற தைரியத்தில், ‘நாலு காதேரா வேண்டும்’ என்றார். கடைப்பையன் முதலில் அவரைப் பார்த்தான், பிறகு தன் இடுப்பைப் பார்த்தான். ஸ்பானிஷில் காதேரா என்றால் இடுப்பு. கதிரைக்கு அங்கே ‘சியா’. நாலு இடுப்பு கேட்ட பெண்மணி அந்தக் கடைக்கு அதன்பிறகு போகவே இல்லை. அடுத்த கிழமை வேறொரு கடையில் மருமகனுக்குக் களிசான் வாங்கப் போய் ‘கால்சோன்’ என்று கேட்க, ஆண்களின் உள்ளாடை அடுக்கியிருந்த பக்கம் கையைக் காட்டினார்கள். பட்டியல் அனுப்பிய அதே மருமகன்தான். அப்போது அவனுக்கு ஒன்பது வயது.

காரணம் எளிது. நுரைச்சோலை வீட்டுக்குள் இருப்பது ஸ்பானிஷ் அல்ல, அதன் அயல்வீட்டு மொழியான போர்த்துக்கீசம். 1505 வாக்கில் இலங்கைக்கு வந்து 1658இல் ஒல்லாந்தரிடம் யாழ்ப்பாணத்தையும் இழந்து போனவர்கள் விட்டுச் சென்ற சொற்கள் இவை. அவர்கள் மொழியில் ‘கதெய்ரா’ கதிரைதான். பின்னால் வந்த ஒல்லாந்தர் நமக்குத் தந்தவற்றில் முக்கியமானவை கந்தோரும் கக்கூசும். எந்த வெள்ளைக்காரன் வீட்டில் எதுவரைக்கும் வந்தான் என்பதை ஒரு சரித்திர ஆசிரியர் இதைவைத்தே எழுதலாம்.

போர்த்துக்கீசத்தை மொழியாகவே பேசியவர்களும் புத்தளத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரின் மூத்தவர்கள் போர்த்துக்கீசக் கிரியோல் பேசியவர்கள். இன்றைய பிள்ளைகளுக்குச் சிங்களம்தான் வீட்டுமொழி, பழைய மொழி அவர்களின் மஞ்ஞாப் பாட்டுகளில் மிஞ்சியிருக்கிறது. டீச்சர் ஊரில் இருந்தவரைக்கும் பஸ்ஸில் அந்த வழியாகப் போய் வந்ததோடு சரி. வலென்சியாவில் இருந்துகொண்டு அந்தப் பாட்டுகளைத் தேடிக் கேட்கிறார். புலம்பெயர்ந்தவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

கதிரைக்கு வருவோம். இடுப்புக் கதையைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்தவர் மேல்மாடிக் கிழவர் ஒருவர்தான். அல்போராயாப் பக்கத்து வயற்கிராமத்தில் பிறந்தவர். ‘நீங்கள் சொன்னது பிழையே இல்லை, மொழிதான் மாறிவிட்டது’ என்றவர், தன் குசினியிலிருந்து வைக்கோல் பின்னிய பழைய இருக்கை ஒன்றைத் தூக்கிவந்து நடுக்கூடத்தில் வைத்தார். ‘காதிரா’ என்றார்.

டீச்சர் அதில் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வலென்சிய மொழியில் அது காதிரா. நுரைச்சோலைக்காரர் எவரும் திருத்தாமல் ஏற்றுக்கொள்ளும் உச்சரிப்பு. ஸ்பானிஷில் ‘நரான்ஹா’ என்னும் தோடம்பழம் வலென்சியத்தில் ‘தாரோன்ஜா’. ஃபிராங்கோ ஆண்ட 1939 முதல் 1975 வரை அந்த மொழிக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடையாது. வலென்சியத்தில் பேசியதற்காக அடி வாங்கிய கையைக் கிழவர் விரித்துக் காட்டுவார். 1983இல் சட்டம் வந்த பிறகு பாடமாயிற்று, பெயர்ப்பலகையாயிற்று. இப்போது அது தனிமொழியா, கற்றலானின் ஒரு வடிவமா என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. இந்தச் சண்டையைக் கேட்கும்போது மட்டும் டீச்சருக்கு ஊரில் இருப்பது போலவே இருக்கும். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் போட்ட நாட்டில் பிறந்தவருக்கு இதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. ஒன்றை மட்டும் அவர் மறக்காமல் சொல்வார்: சட்டம் போட்டவர் வீட்டிலும் மேசய, அல்மாரிய, சபத்து, குஸ்ஸிய, பான். எதிர்த்துச் சத்தியாக்கிரகம் இருந்தவர் வீட்டிலும் மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண். கதிரை மட்டும் தமிழுக்கே. சிங்களவர் அதைப் புட்டுவ என்பார்கள்.

மருமகனின் பட்டியலில் டீச்சரை அதிகம் எரிச்சலூட்டியது சாவி. பட்டியல் தமிழ்நாட்டில் தயாரானது என்பதற்கு அதுவே சாட்சி. நுரைச்சோலை வீட்டில் யாரும் சாவி என்பதில்லை, திறப்பு. பூட்டைத் திறப்பது திறப்பு. இதைவிடத் தமிழாக ஒரு சொல் இருக்க முடியுமா? சென்னைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து போர்த்துக்கீசச் சாவியால் பூட்டைத் திறக்கிறார். நாங்கள் போர்த்துக்கீசக் கதிரையில் உட்கார்ந்து தமிழ்த் திறப்பால் திறக்கிறோம். யாருக்கு யார் வகுப்பு எடுப்பது? 1916இல் மறைமலை அடிகள் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம் வடமொழிச் சொற்கள் மண்டிக் கிடந்த உரைநடையைச் சலித்துத் தந்தது; டீச்சருக்கு அந்த மரியாதை உண்டு. ஆனால் உம்மம்மாவின் குசினியைச் சலிக்க வருபவரிடம் அவர் வேறு முகம் காட்டுவார்.

ஸ்பானிஷ்காரரிடம் டீச்சர் பொறாமைப்படுவது இந்த இடத்தில்தான். 1713இல் தொடங்கிய அவர்களின் அரச மொழிக்கழகத்தின் அகராதியைத் திறந்தால், சொல்லின் பொருளுக்கும் முன்னால் அது எங்கிருந்து வந்தது என்று போட்டிருக்கும். பக்கத்துக்குப் பக்கம் அரபு. சீனி ‘அத்தூகார்’, தலையணை ‘அல்மோவாதா’, வயல் வாய்க்கால் ‘அதேக்கியா’, கொத்தனார் ‘அல்பாஞில்’. நகர மேயரை ‘அல்கால்தே’ என்கிறார்கள். அது அல் காழி, நம்மூர்க் காதி நீதிமன்றத்துக் காதியேதான். வலென்சியாவுக்குத் தெற்கே பெரிய களப்பு ஒன்று இருக்கிறது, சுற்றிலும் நெல் வயல். புத்தளம் களப்பைப் பார்த்து வளர்ந்தவருக்கு மூக்கில் படும் சேற்று மணமே போதும். அதன் பெயர் அல்புஃபேரா என்று முதன்முதல் பலகையில் வாசித்தபோது, மத்ரசாவில் ஓதிய அரபு தொண்டைக்குள் எழும்பியது. பஹ்ர் கடல், புஹைரா ஏரி. அல் புஹைரா.

ஆசையோடு ‘அப்படி நடந்தால் நல்லது’ என்னும்போது ஸ்பானிஷ்காரர் வாயில் வரும் சொல் ‘ஓஹலா’. இறைவன் நாடினால் என்ற அரபுத் தொடரின் தேய்வு. மாதா கோயில் வாசலில் நின்று கத்தோலிக்கக் கிழவிகள் மழைக்கும் லொத்தருக்கும் ஓஹலா சொல்வார்கள். டீச்சர் மனசுக்குள் இன்ஷா அல்லாஹ் சொல்லிக்கொள்வார்.

இதைக் கொண்டாட்டமாகவே சொல்லி முடிக்கவும் முடியாது. 1609இல் மூன்றாம் பிலிப் அரசன் முஸ்லிம் வழிவந்தவர்களை வெளியேற்ற உத்தரவிட்டபோது முதலில் காலியானது வலென்சியாதான். அந்த இராச்சியத்தின் மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அதே பிலிப்தான் அந்நாளில் போர்த்துக்கலுக்கும் அரசன். இலங்கைக் கரைகளில் போர்த்துக்கீசர் ஆண்டதும் அவன் பெயரில். 1626இல் அவர்கள் தங்கள் எல்லைக்குள் இருந்த முஸ்லிம்களை வெளியேற்ற, கண்டியை ஆண்ட செனரத் மன்னன் அவர்களைக் கிழக்கில் குடியேற்றினான். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களில் பெருந்தொகையானோர் வந்து இறங்கியது புத்தளம், கற்பிட்டிக் கரைகளில். டீச்சரின் வகுப்பில் ஒரே கிழமையில் வாங்குகள் போதாமல் போயின. மூன்று பேர் இருக்கும் வாங்கில் ஐந்து பேர். புதுப்பிள்ளைகள் பேசிய யாழ்ப்பாணத் தமிழை முதலில் பகிடி பண்ணினார்கள். ஒரு தவணை முடிவதற்குள் பகிடி பண்ணியவர்களும் அப்படியே இழுத்துப் பேசத் தொடங்கினார்கள்.

ஸ்பெயினை டீச்சர் எப்போதும் புகழ்ந்துகொண்டே இருப்பதில்லை. பேர்சொல்லிக் கூப்பிடும் மாணவர்களை இன்னமும் அவரால் சகிக்க முடியவில்லை. ‘உஸ்தெத்’ என்ற மரியாதைச் சொல் அவர்களிடம் இருக்கிறது, எடுத்துப் பாவிப்பதில்லை. சின்னப் பிள்ளைகள் மட்டும் ‘செஞோ’ என்பார்கள், டீச்சர் என்பதுபோல. அதற்காகவே சின்ன வகுப்புகளைக் கேட்டு வாங்குகிறார். பாண் அருமைதான், ஆனால் பெத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வரும் சூன் பாண் ஓட்டோ அங்கே இல்லை. ஒருமுறை மாணவி வீட்டில் ஒரு பெண்குழந்தை பியானோவில் அதே மெட்டை வாசிக்க, டீச்சருக்குப் பசித்தது.

தேங்காய் விஷயத்தில் மன்னிப்பே கிடையாது. அங்கே அதை ‘கோக்கோ’ என்பார்கள். பிள்ளைகளைப் பயமுறுத்தும் பூச்சாண்டிக்கும் அதே பெயர். மூன்று கண்ணும் பேய்முகம் போலத் தெரிந்ததால் ஐபீரிய மாலுமிகள் வைத்த பெயர் என்கிறார்கள். தென்னை முக்கோணத்தில் பிறந்தவரிடம் இதைச் சொல்லலாமா? சூப்பர்மார்க்கெட் தேங்காயை உடைக்கத் தெரியாதவர்களுக்காக நடுவில் சுற்றிவர வாளால் கீறி வைத்திருப்பார்கள். டீச்சர் அதைக் காதருகே ஆட்டிப் பார்ப்பதைக் காவலாளி ஒருமாதிரிப் பார்ப்பான். பதிலுக்கு டீச்சர் வகுப்பில் கணக்குத் தீர்ப்பார். அவர்கள் துறைமுகத்தில் நிற்கும் ‘கத்தமரான்’ எங்கள் கட்டுமரம். காய்ந்த தேங்காய்க்கு அவர்கள் சொல்லும் ‘கொப்ரா’ எங்கள் பக்கத்துக் கொப்பரை. மாங்காயும் போர்த்துக்கீசக் கப்பலில் ஏறிப்போய்த்தான் அங்கே ‘மாங்கோ’ ஆனது. அரிசிதான் ‘அர்ரோஸ்’ ஆனதென்று சொல்ல அவருக்கும் ஆசை. அந்தச் சொல்லின் வழியில் அறிஞர்களுக்குள் வழக்கு இருப்பதால் அதை மட்டும் விட்டுவிடுகிறார். நாரத்தைக்கும் நரான்ஹாவுக்கும் உறவு உண்டு என்று சொல்லும்போது பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

பட்டியலுக்குப் பதில் எழுத அன்றிரவு மூன்று தடவை தொடங்கி மூன்று தடவையும் அழித்தார். முதல் வரைவு சரித்திரப் பாடமாகிவிட்டது, இரண்டாவது திட்டு, மூன்றாவது இரண்டும். சனிக்கிழமை கிழவரைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் சந்தைக்குப் போனார். வைக்கோல் பின்னல், நீலச் சாயம் உரிந்த கால்கள். விலை பேசியது கிழவர், வலென்சியத்தில். சாமானை மேலே ஏற்றி, குசினி மேசையைச் சுற்றிப் போட்டுப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டார். அடியில் மூன்றே சொல்: ‘நாலு கதிரை வாங்கிட்டேன்.’

ஊரில் அப்போது இஷாத் தொழுகை முடிந்திருக்கும். முதல் பதில் மருமகனிடமிருந்து.

‘கதிரை நல்லா இருக்கு மாமி. நாலும் எவ்வளவு?’