மூன்று குரல்கள்

1990-இல் அண்ணன் நியூஜெர்சியில் வாங்கிய நிண்டெண்டோ அது. அவன் போனபிறகு என்னிடம் வந்தது. அதில் சால்டரிங் அயர்னை வைக்கக் கை வரவில்லை. கெட்டால் வேறு வாங்கலாம். அது அண்ணனுடையதாக இருக்காது.

அவனுக்குப் பிடித்த விளையாட்டு காசில்வேனியா மூன்றாம் பாகம். 1989-இல் ஜப்பானில் வந்த பதிப்பின் கார்ட்ரிட்ஜுக்குள் கொனாமி விஆர்சி6 என்ற சில்லை வைத்திருந்தது. கருவியின் ஐந்து ஒலித்தடங்களோடு அது மேலும் மூன்றைச் சேர்க்கும். ஜப்பானியக் கருவி கார்ட்ரிட்ஜிலிருந்து ஒலியை வாங்கித் தன் ஒலியோடு கலந்துகொள்ளும். அமெரிக்கக் கருவியில் அந்த வழி இணைக்கப்படவில்லை. அங்கே வந்த பதிப்பில் அந்த மூன்று குரல்களும் இல்லை.

கருவியின் அடிப்பக்க மூடிக்குள் யாரும் பயன்படுத்தாத இணைப்பு ஒன்று உண்டு. அதன் 3, 9 எண் பின்களுக்கு நடுவே 47 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"கெடுத்துடாதீங்க" என்றாள் மனைவி.

ஒலியை அந்த இணைப்புக்குக் கடத்தும் அடாப்டரில் ஜப்பானிய கார்ட்ரிட்ஜைப் பொருத்திப் போட்டேன். அண்ணன் சீட்டியடித்துத் திரிந்த மெட்டுதான். ஆனால் அடியில் கனமாக இன்னொன்று ஓடியது. அவன் கேட்காதது.

"டேய், சவுண்டைக் கூட்டுடா" என்பான்.

கூட்டினேன்.