நாலு பாட்டுத் தட்டு

இண்டூர்ப் பக்கம் பிறந்து வேறெங்கோ பிழைக்கப் போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நம்ம ஊருக்குப் புதுப் பாட்டு பஸ்ஸில்தான் வந்தது. பென்னாகரம் போகிற பஸ்ஸில், மைக் செட்டுக்காரர் மடியில், காலண்டர் தாளில் சுற்றிக்கொண்டு வந்தது. கல்யாண அச்சாரப் பணத்தோடு தர்மபுரிக்குப் போனவர் ஒயர், சீரியல் பல்பு எல்லாம் வாங்கியது போக மிச்சத்தில் ஒரு ரிக்கார்டு வாங்கி வருவார். ஏழு அங்குலச் சின்னத் தட்டு. பக்கத்துக்கு இரண்டாக நாலு பாட்டு. ஈ.பி. என்பார். எல்.பி. வாங்கிக் கட்டுப்படியாகாது என்ற பெருமூச்சும் அதோடு வரும். அவர் படியிறங்குகிற தினுசிலேயே டீக்கடைக்குச் சேதி தெரிந்துவிடும்.

"என்ன மாமா, புதுசா?"

"பொழுது சாயட்டும் கண்ணு."

பொழுது சாய்வதற்குள் எத்தனை வேலை! புளியமரத்தில் ஆளேறிக் குழாய் கட்ட வேண்டும். கரண்டு இல்லாத கொட்டாய்க் கல்யாணம் என்றால் லாரி பேட்டரியைத் தூக்கி வர வேண்டும். ஆம்ப்ளிஃபையரைப் போட்டதும் உள்ளே வால்வு சூடேறித் தூசி கருகும் ஒரு வாசனை வரும் பாருங்கள், அது வந்தால்தான் எங்களுக்குக் கல்யாணம். அவர் முள்ளை விரல் நுனியால் தடவுவார். அந்தத் தடவல் குழாய் வழியாகக் கரகரவென்று பக்கத்துக் காடு வரை கேட்கும். தட்டு தேய்ந்து முள் துள்ளினால் அதன் தலையில் ஒரு நாலணாக் காசை ஒட்டிவைப்பார். ஆனாலும் புதுத் தட்டை எடுத்ததும் போட்டுவிட மாட்டார். முதலில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. அப்புறம் எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. சாமிகளுக்குச் செய்ய வேண்டியதைச் செய்த பிறகுதான் உறையிலிருந்து புதுசு வெளியே வரும். அந்த நேரத்துக்கு வீடுகளில் களி கிண்டி முடித்திருப்பார்கள். அவரைக்கொட்டைக் குழம்பு மணமும் பாட்டும் சேர்ந்தே தெருவில் இறங்கும்.

மாசி, பங்குனியில் இன்னும் நன்றாக இருக்கும். திண்ணைக்குத் திண்ணை பெண்கள் புளி தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். முதல் தடவை கேட்கும்போது சுத்தியல் சத்தம் பாட்டுக்குக் குறுக்கே போகும். ராத்திரிக்குள் அதே தட்டு நாலைந்து முறை சுற்றியிருக்கும். சுத்தியலும் தாளத்தில் விழத் தொடங்கிவிடும். ஊருக்கு ஒரு பாட்டு பிடித்துவிட்டது என்பதற்கு அதைவிடப் பெரிய அத்தாட்சியை நான் கண்டதில்லை.

1976இல் அப்படி வந்ததுதான் 'அன்னக்கிளி'. உறையிலிருந்த இங்கிலீஷைப் படித்துச் சொல்ல என்னைத்தான் கூப்பிட்டார். எஸ். ஜானகி என்றதும் தலையாட்டினார். இசை என்ற இடத்தில் இளையராஜா என்று படித்தேன். "யாரு கண்ணு அது? ஏ.எம். ராஜாவுக்குத் தம்பியா?" என்றார். சிரிக்காதீர்கள். ஏற்கெனவே ஒரு ராஜா இருக்கிறாரே என்றுதான் பஞ்சு அருணாசலம் இந்தப் புதுப் பையன் பெயருக்கு முன்னால் 'இளைய' சேர்த்தார் என்பதைப் பின்னால் படித்தபோது, எங்கள் மைக் செட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது. பெயர் தெரியாத ஒருவருடைய முதல் நாலு பாட்டை, இன்னார் என்று யாரும் சொல்லித்தராமல், ஊரே ஒரே ராத்திரியில் கேட்டது. அந்தக் குழாயின் கீழே நின்றவர்களில் நீங்களும் இருந்திருக்கலாம்.

அதே 1976 டிசம்பர் கடைசியில், மான்செஸ்டரில் பஸ்காக்ஸ் என்ற இளவட்டக் குழு, சொந்தபந்தங்களிடமும் சிநேகிதர்களிடமும் கடன் வாங்கி நாலு பாட்டைப் பதிவு செய்தது. 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்று பெயர். கம்பெனி எதையும் நம்பாமல் 1977 ஜனவரியில் தாங்களே தட்டாக்கி விற்றார்கள். முதலில் அடித்தது 1000 தட்டு. அதே ஏழு அங்குலம், அதே நாலு பாட்டு. இன்றைக்குப் பையன்கள் பாப்-பங்க் என்று கேட்கிற விறுவிறுத்த கிட்டார் பாட்டுக்கு அவர்களையும் ஒரு மூதாதையாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த இரைச்சல் புதிதாகவே இல்லை. நம்ம ஊர்க் குழாயில் பி. சுசீலா பாடினாலும் அப்படித்தானே இரையும்!

குழாய் என்றதும் இன்னொன்று. இரண்டு குழாய் கட்டுவார்கள். ஒன்று கோயில் தெருவைப் பார்த்து, ஒன்று மெயின் ரோட்டைப் பார்த்து. காலனியைப் பார்த்து ஒன்று கட்டி நான் கண்டதில்லை. ஆனால் ஆடிக் காற்று யாரைக் கேட்டு வீசியது? பாட்டை வாரிக்கொண்டு போய் அங்கே கொட்டிவிடும். மறுநாள் எங்கள் வகுப்பில் அதை முழுசாகப் பாடிக்காட்டியவன் காலனிப் பையன்தான்.

ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகும் லாரிகள் வேறு. அவை ஊரைத் தாண்டுகிற நேரத்துக்குள் ஒரு பல்லவியை எறிந்துவிட்டுப் போகும். மிச்சப் பாட்டு என்னவென்று தெரியாமல் நாளெல்லாம் அந்தப் பாதியையே முனகிக்கொண்டு திரிவோம். கூத்து நடந்தால் கட்டியங்காரன் அந்த மெட்டைப் பிடித்து, துரியோதனன் சபைக்குள்ளேயே புளி விலையைப் பற்றிப் பாடிவிடுவார். அவர் வாயில் ஏறிய மெட்டு அதற்குப் பிறகு சினிமாக்காரனுடையது இல்லை.

கேசட் வந்து மைக் செட்டுக்காரரைப் பாதி சாய்த்தது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. கோடு போட்ட தாளில் பாட்டுகளை வரிசையாக எழுதி, ஒரு டி.டி.கே. அறுபதோடு கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் கிடைக்கும். 1984க்குப் பிறகு 'விதி' பட வசனத்தை டீக்கடையில் கேட்டுக் கேட்டு, கோர்ட்டையே பார்க்காதவர்களும் வக்கீல் மாதிரிப் பேசினார்கள். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனின் நாட்டுப்புறப் பாட்டுகள் வந்தன. கே.ஏ. குணசேகரனின் குரல் கட்சி மேடைகளிலிருந்து கேசட்டுக்குள் இறங்கி வந்தது. சினிமாவைச் சாராத பாட்டு நமக்கு நேற்று வந்ததல்ல என்று நான் சொல்வது இவர்களையும் அந்த ஈஸ்வரியம்மாவையும் வைத்துத்தான்.

ஆனால் உண்மையான கண்டுபிடிப்பு நடந்த இடம் வேறு. நம் பட்டியல் முடிந்த பிறகும் நாடாவில் மூன்று நிமிஷம் மிஞ்சும். காலியாக விட மனசில்லாத கடைப் பையன் தனக்குப் பிடித்ததைப் போட்டு நிரப்புவான். பெயர் எழுத மாட்டான். ஒருமுறை அப்படி வந்தது வெறும் வயலின். ஒரு குரல்கூட இல்லை. பாதியில் நாடா முடிந்து டொக்கென்று அறுந்தது. அது இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?' என்று தெரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று. முழுசாகக் கேட்டபோது அந்த டொக் வரவேண்டிய இடத்தில் வராதது குறையாக இருந்தது.

அந்தப் பையன் எங்கே போனானோ. கடையிருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். மைக் செட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். நாய்ப் படம் போட்ட முள் டப்பா, பழைய அரக்குத் தட்டுகள், ஈ.பி. எல்லாம் இருந்த தகரப்பெட்டியை வீட்டுக்காரர்கள் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார்கள். குழாய் கட்டிய புளியமரம் இருந்த இடத்தைத் தார் மூடிவிட்டது. மண்டபத்துக் கல்யாணத்தில் பென் டிரைவ் செருகியவுடன் பாடுகிறது, பிள்ளையாருக்குக்கூடக் காத்திருப்பதில்லை.

அக்கா மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடையேறியதைச் சொல்லி எனக்குப் போட்டுக் காட்டியவன் அவன்தான். கானா, பறை, ராப், கிட்டார் எல்லாம் ஒரே மேடையில். கேட்கக் கேட்க எனக்கு அந்த இரண்டு குழாய்களின் ஞாபகமாகவே இருந்தது. இப்போதும் வாரத்துக்கொரு புதுக் குழுவைக் கண்டுபிடிக்கிறான். போன பொங்கலுக்கு இண்டூர் வந்தபோதும் காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தான். பெங்களூருப் பசங்களாம், முதல் ஈ.பி.யாம்.

"நாலே பாட்டுதான் மாமா. செம."

"நம்ம ஊர்ல யாருக்காச்சும் போட்டுக் காட்டினியா?"

"குரூப்ல அனுப்பிட்டேனே."

"கேட்டாங்களா?"

"ரெண்டு பேரு கட்டைவிரல் போட்டிருக்காங்க மாமா."