புத்தக முதுகுக்கு ஒரு பேண்டேஜ்

வீட்டில் தடி அட்டை போட்ட புத்தகம் ஏதாவது இருந்தால் ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டு வாருங்கள். முன் அட்டையைத் திறந்து, அட்டையும் முதல் தாளும் சேரும் மடிப்புக்குப் பக்கத்தில் விரலை வைத்து மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒட்டிய தாளுக்கு அடியில் சொரசொரவென்று, கொசுவலை மாதிரி ஒன்று தட்டுப்படும்.

தட்டுப்படவில்லையா? ஒன்று, மேலே ஒட்டிய தாள் கனமானது. இல்லையென்றால் துணியே வைக்கவில்லை. நான் எழுத வந்தது இந்த இரண்டாவது விஷயத்தைப் பற்றி.

"எழுத எவ்வளவோ இருக்க, புத்தகத்துக்குள்ள ஒளிஞ்சு கிடக்குற துணியப் பத்தி எழுதுறானே" என்று நினைக்கலாம். நான் படிப்பது மெக்கானிக்கல். ஊர் திருச்சுழிப் பக்கம். தாய்மாமா அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன பைண்டிங் கடை வைத்திருக்கிறார். லீவு விட்டால் பாதி நாள் அங்கேதான். மைதா பசை வாசமும் மயில்துத்தமும் (பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் கலப்பார்கள்) எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம்.

முதலில் அந்தத் துணி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். பெரிய தாளை அச்சடித்து மடித்தால் பதினாறு பக்கம் கிடைக்கும். கடையில் அதை ஃபாரம் என்பார்கள். ஃபாரங்களை வரிசையாக அடுக்கி, முதுகுப் பக்கம் நூலால் தைத்து, பசை தடவுவார்கள். அந்த ஈரப் பசையின் மேல்தான் இந்தத் துணி உட்காரும். முதுகை மூடியது போக இரண்டு பக்கமும் ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த இரண்டு சிறகையும் முன் அட்டையிலும் பின் அட்டையிலும் ஒட்டி, மேலே தாளை ஒட்டி மறைத்துவிடுவார்கள். அதாவது புத்தகத்தையும் அட்டையையும் சேர்த்துப் பிடித்திருப்பது முக்கியமாக இந்தத் துணிதான். அது இல்லையென்றால் வெறும் காகித மடிப்பு ஒன்றுதான் மிச்சம். நூறு தடவை திறந்து மூடினால் காகிதம் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு ஆங்கில பைண்டர்கள் வைத்திருக்கும் பெயரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். 'மல்'! நம்ம மல்லு வேட்டியில் வருகிற அதே மல். இந்தியில் மல்மல் என்கிற மெல்லிய பருத்தித் துணியின் பெயர் கப்பலேறிப் போய், அங்கே சுருங்கி மல் ஆகி, புத்தக முதுகில் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் இதையே கிராஷ் என்றும் சூப்பர் என்றும் சொல்கிறார்கள். அப்பேர்ப்பட்ட துணி இல்லாமல்தான் இன்றைக்கு நம்ம ஊர் புத்தகங்கள் பல வருகின்றன.

ஏன்? மாமாவிடம் கேட்டேன்.

"துணி விலை ஒண்ணும் பெருசு இல்ல மாப்ள. வெட்டுற கைதான் விலை."

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். டெம்மி சைஸ் புத்தகம், உயரம் 21.5 செ.மீ., முதுகு 2 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். துணி மேலும் கீழும் ஒன்றரை செ.மீ. குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளியே எட்டிப் பார்க்கும். ஆக ஒரு பக்கம் 18.5. இன்னொரு பக்கம் முதுகு இரண்டும், சிறகுக்கு இரண்டரை இரண்டரையுமாக 7 செ.மீ. 18.5 செ.மீ. அகல ரோல் இருந்தால் ஆயிரம் புத்தகத்துக்கு 70 மீட்டர் துணி போதும். ஆனால் அளந்து, கோடு பிடித்து, கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்ட, நான் வாட்ச் வைத்துப் பார்த்தபோது, சுமார் 20 விநாடி ஆனது. ஆயிரம் துண்டுக்கு ஐந்தரை மணி நேரம்!

பேப்பர் வெட்டும் கட்டிங் மெஷினில் அடுக்கி வைத்து ஒரே வெட்டாக வெட்டக் கூடாதா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இந்தத் துணியில் அங்குலத்துக்கு இருபது முப்பது இழைதான் ஓடும். நெருக்கமாக நெய்த வேட்டித் துணியில் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். இவ்வளவு இடைவெளி விட்டு நெய்த துணியை அடுக்கி அமுக்கினால் ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு பக்கம் நழுவும். மேல் துண்டு சதுரமாக வரும், அடித் துண்டு கோணலாக வரும்.

கடையில் ஒட்டு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். நெசவுக் குடும்பம். அருப்புக்கோட்டையில் அது ஆச்சரியம் இல்லை. ஊரே தறிச் சத்தத்தில் வளர்ந்த ஊர். கோணலான துண்டைக் கையில் எடுத்ததுமே தூக்கிப் போட்டுவிடுவார். "பாவு நேரா நிக்கணும் தம்பி. சாஞ்சா இழுவை வந்துரும்" என்பார். அவர் சொன்னதை ஒரு துண்டை வைத்து இழுத்துப் பார்த்தேன். இழை ஓடும் திசையில் இழுத்தால் அசையாத துணி, குறுக்குக் கோணத்தில் இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிறது. அப்படி நீளும் துணியை முதுகில் ஒட்டினால் அட்டை தொங்கத்தான் செய்யும்.

இன்னொன்றும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இந்த ரகத் துணியில் பாவு இழை கூடுதலாகவும் ஊடை இழை குறைவாகவும் இருப்பது வழக்கம். அப்படியானால் பாவு எந்தத் திசையில் போக வேண்டும்? முதுகுக்குக் குறுக்கே, ஓர் அட்டையிலிருந்து மற்ற அட்டைக்கு. பலம் தேவைப்படுகிற இடம் அந்த மடிப்புதானே. எங்கள் பாடப் புத்தகத்தில் இது கிடையாது!

இந்தக் கூலிக் கணக்கில் ஒரு விஷயம் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அக்காவுக்கு ஒட்டுகிற புத்தகத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. துணி வெட்டுகிற நேரத்துக்குத் தனியாக ஒன்றும் கிடையாது. அதாவது துணி வைக்கச் சொல்லும் ஆர்டர் வந்தால் அந்த ஐந்தரை மணி நேரம் அவர் கணக்கில்தான் போகும். மாமாவும் கொடுக்கமாட்டேன் என்று சொல்பவர் இல்லை. கூட்டிக் கேட்டால் ஆர்டர் கொடுப்பவர், "துணி வேண்டாம், பசை மட்டும் போடுங்க" என்று விடுவார். இப்படித்தான் துணி காணாமல் போனது.

பெரிய கம்பெனிகளில் இதை மெஷின் செய்கிறது. இந்த வகை மெஷினுக்கு ஜெர்மனியின் கோல்பஸ், சுவிட்சர்லாந்தின் முல்லர் மார்ட்டினி என்ற இரண்டு பெயர்கள் பிரபலம். 2018-இல் கோல்பஸின் பைண்டிங் மெஷின் பிரிவை முல்லர் மார்ட்டினியே வாங்கிவிட்டது. தத்துவம் சிம்பிள். துணி ரோல் ஓர் அச்சில் மாட்டியிருக்கும். தானாகச் சுற்றி அவிழாமல் ஒரு பிரேக். அடுத்து மேலும் கீழும் ஆடும் உருளை ஒன்று துணியின் இழுவையை ஒரே சீராக வைத்திருக்கும். அதன்பின் இரண்டு உருளைகள் துணியைக் கவ்வி, சொன்ன நீளம் மட்டும் தள்ளிவிட்டு நிற்கும். கத்தி இறங்கும். வெட்டிய துண்டு, பசை தடவிய முதுகு வந்து சேரும் அதே நொடியில் போய் உட்காரும். ஒரு அமுக்கு. அவ்வளவுதான்.

இதில் அகலத்தை ரோல் தீர்மானிக்கிறது, நீளத்தை உருளை தீர்மானிக்கிறது. துணியில் பாவு எப்போதும் ரோலின் நீளவாக்கில்தான் ஓடும். ஆகவே 18.5 அகல ரோலைப் போட்டு 7 செ.மீ.க்கு வெட்டினால் பாவு தானாகவே முதுகுக்குக் குறுக்கே வந்துவிடுகிறது. அக்கா சொன்ன அதே திசை!

சரி, இதெல்லாம் யாருக்கு முக்கியம்? எங்கள் ஊர்ப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும்.

திருச்சுழி, அருப்புக்கோட்டை சுற்றுவட்டாரம் வானம் பார்த்த பூமி. குண்டாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்த்த நாட்களை எண்ணிவிடலாம். மழை பெய்தால் விளைச்சல், இல்லையென்றால் சீமைக் கருவேலம். அதனால் எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருவராவது கவர்மெண்ட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். டிஎன்பிஎஸ்சி கைடு ஒன்று வாங்கினால் அது ஒரு ஆளுக்கு இல்லை. அண்ணன் படிப்பான், தங்கச்சி படிப்பாள், பிறகு தெருவில் இரண்டு பேர். எங்கள் வீட்டில் என் அக்கா படித்த கைடு ஐந்தாவது கையில் இருக்கிறது.

அந்த மாதிரித் தடிப் புத்தகங்கள் பெரும்பாலும் பெர்ஃபெக்ட் பைண்டிங். பெயரில்தான் பெர்ஃபெக்ட்! தையல் கிடையாது. முதுகுப் பக்கத்தைச் சீவிவிட்டு, சூட்டில் உருக்கிய பசையைத் தடவி, மேலே அட்டையை ஒட்டுவது. சில விநாடியில் இறுகிவிடும், வேலை வேகம். வழக்கமாகப் போடும் ரகப் பசை கடும் வெயிலில் இளகும், நாளாக நாளாக விறைத்துப் போகும். எங்கள் ஊர் தகர ஷெட்டிலும் பஸ் ஜன்னலோரத்திலும் இரண்டு கோடை கழிந்த கைடைப் பிரித்தால், நடுவில் படார் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் தாள் தாளாக உதிரும். என் அக்காவின் கைடில் இந்திய அரசியலமைப்பு தனிக் கட்டாகவும் பொருளாதாரம் தனிக் கட்டாகவும் இருக்கின்றன. கணிதத்தில் பத்துப் பக்கம் எந்த வீட்டில் இருக்கிறதோ தெரியாது. அந்தப் பத்துப் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி வந்தால் யார் பொறுப்பு?

பெர்ஃபெக்ட் பைண்டிங்கிலும் முதுகில் துணி வைக்கலாம். பெரிய மெஷின்களில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு: பசை, துணி, மறுபடி பசை, அப்புறம் அட்டை. துணியின் ஓட்டைகள் வழியாக இரண்டு பசையும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பசை விரிசல் விட்டாலும் இழை விடாது. சின்னக் கடைகளில் இந்த இடம் காலியாக இருக்கிறது.

இதில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது எங்கள் மாவட்டத்தின் வரைபடம். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு பேண்டேஜ் துணியும் காஸ் துணியும் நெய்கிற ஊர். புத்தக மல்லும் காஸும் ஏறக்குறைய அண்ணன் தம்பி. கஞ்சியை எடுத்துவிட்டு வெளுத்தால் ரத்தம் உறிஞ்சும் காஸ். கஞ்சி போட்டு விறைப்பாக்கினால் புத்தக மல். இன்னொரு பக்கம் சிவகாசி. தீப்பெட்டி லேபிள் அடிக்க ஆரம்பித்து, காலண்டர், டைரி, நோட்டு என்று வளர்ந்த அச்சு ஊர். கூடவே எங்கள் நெசவு ஊர் அருப்புக்கோட்டை. துணியும் இங்கே, புத்தகமும் இங்கே, இழை பார்க்கத் தெரிந்த கையும் இங்கே. மூன்றும் ஒரே விருதுநகர் மாவட்டம். நடுவில் இல்லாதது துணியை இழுத்து வெட்டும் ஒரு சின்ன மெஷின்தான்.

அது ஒன்றும் ராக்கெட் இல்லை. திருப்பூரில் எலாஸ்டிக் நாடா வெட்டும் மெஷின் பார்த்திருப்பீர்கள். இரண்டு ரப்பர் உருளை, ஒரு ஸ்டெப்பர் மோட்டார், ஒரு கத்தி. நீளத்தைப் பட்டனில் அடித்தால் வெட்டித் தள்ளும். அகலமான ரகமும் கிடைக்கிறது. திருப்பூரில் வேலை பார்க்கும் நண்பன் மூலம் ஒரு மதியம் அதில் எங்கள் துணியை ஓட்டிப் பார்த்தோம். கஞ்சி இல்லாத காஸ், கத்திக்கு முன்னால் சுருண்டு நின்றுவிட்டது. தள்ளினால் துவளும் பொருளை உருளை எப்படித் தள்ளும்? கஞ்சி போட்டுக் காயவைத்த துணி காகிதம் போலப் போனது. 7 செ.மீ.க்கு நூறு துண்டு வெட்டி அளந்தோம். கூடக் குறைய ஒரு மில்லிமீட்டர். புத்தகத்துக்கு அது தாராளம்.

அப்போது புரிந்தது, இந்த மெஷினின் பாதி கஞ்சியில் இருக்கிறது. எங்கள் ஊர் சித்திரை வெயிலில் ரொம்பக் காய்ந்தால் கஞ்சி மாவாக உதிர்ந்து கத்தியில் அப்பும். அக்காவிடம் சொன்னேன். "ரோலு மேல ஈரச் சாக்க போடு தம்பி" என்றார் சாதாரணமாக. குழித்தறியை ஏன் மண்ணுக்குள் இறக்கினார்கள், நூல் காய்ந்து அறாமல் இருக்கத்தானே என்றும் சேர்த்துச் சொன்னார். ரோலுக்கு மூடியுடன் ஒரு பெட்டி, அதற்குள் ஓர் ஈரத் துணி. என் டிசைனில் அதையும் வரைந்துவிட்டேன்.

"மெஷின் வந்தா உங்க வேலை போயிடாதாக்கா?" என்றும் கேட்டேன். கேட்காமல் இருக்க மனசு வரவில்லை.

"வெட்டுறதுக்கு இப்ப என்ன குடுக்குறாக? அத அது பாக்கட்டும். ஒட்டுறதுக்குக் கை வேணும்ல" என்றார்.

அவர் சொன்னது இந்த அளவு மெஷினுக்குச் சரி. வெட்டி, ஒட்டி, அமுக்கி எல்லாம் தானே செய்யும் பெரிய மெஷின் கடைக்குள் வந்தால் அந்தப் பதில் மாறிவிடும். அதனால்தான் எனக்கு இழுத்து வெட்டுவது மட்டும் போதும் என்று தோன்றுகிறது. கூலியில்லாத வேலை மெஷினுக்கு, கூலியுள்ள வேலை கைக்கு. துணி வைக்கும் ஆர்டர் திரும்ப வந்தால் ஒட்டு வேலையும் கூடும்.

ஃபைனல் இயர் புராஜெக்டாக இதையே எடுக்கப் போகிறேன். "ரோபோ பண்ணுங்கடா" என்று நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். செய்யட்டும். முதல் 70 மீட்டர் ரோலை மாமா கடையில்தான் ஓட்டப் போகிறேன். அன்றைக்கு முதல் துண்டு யாருக்கு என்று இப்போதே முடிவு செய்துவிட்டேன். கணிதத்தின் அந்தப் பத்துப் பக்கத்தை எந்த வீட்டிலாவது தேடிப் பிடிக்க வேண்டும்.