அஞ்சறைப் பெட்டியும் பென் டிரைவும்

போன வாரம் அடையாறிலிருந்து பேரன் வந்திருந்தான். ஒரு பென் டிரைவைக் காட்டி, "தாத்தா, இதுக்குள்ள ஒரு முழு கம்ப்யூட்டரே இருக்கு" என்றான். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். பிரெஞ்சில் பென் டிரைவுக்கு 'க்ளே' என்று பெயர். சாவி என்று அர்த்தம்.

அவன் காட்டியது டெய்ல்ஸ் என்ற இயங்குதளம், 2009-இல் வந்தது. கம்ப்யூட்டரில் செருகி வேலை பார்த்துவிட்டு அணைத்தால், அதில் சுவடே இருக்காதாம். முழுப் பெயரில் 'அம்னீசிக்' என்று வருகிறது, அதாவது மறதிக்காரன். "உங்களை மாதிரி" என்று சிரித்தான். 2013-இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடெனும் அவரோடு தொடர்பிலிருந்த பத்திரிகையாளர்களும் பயன்படுத்தியது இதைத்தான்.

அதில் வெராகிரிப்ட் பெட்டகத்தையும் திறக்கலாம். ஒரே பெட்டகம், இரண்டு கடவுச்சொல். ஒன்றைப் போட்டால் சாதாரணக் கோப்புகள். மற்றதைப் போட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் இன்னொரு அறை. பூட்டிய தகவலும் காலி இடமும் ஒரே மாதிரி கிறுக்கலாகத் தெரிவதால், இரண்டாவது அறை உண்டா என்று வெளியாள் கண்டுபிடிக்க முடியாது. மிரட்டிக் கேட்டால் முதல் சொல்லைக் கொடுத்து, "இவ்வளவுதான்" என்று சொல்லிவிடலாம்.

"இது எங்க பாட்டி கண்டுபிடிச்சதுடா" என்றேன்.

மயிலாப்பூர் வீட்டில் தாத்தா பணம் கேட்டால், பாட்டி முனகிக்கொண்டே அஞ்சறைப் பெட்டியின் கடுகுக்கு அடியிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்துக் கொடுப்பாள். நிஜச் சேமிப்பு உளுத்தம்பருப்பு டின்னின் அடியில், துணி முடிச்சில்.

1960 கோடை விடுமுறையில் அந்த முடிச்சைக் காணோம். எனக்குப் பத்து வயது. "அத்தையும் பெட்டிக்குள்ள காசு ஒளிச்சு வெச்சிருக்கா" என்று முந்திக்கொண்டு சொன்னேன். கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்திருந்த அத்தை, டிரங்குப் பெட்டியைக் கூடத்தில் கொட்டிக் காட்டினாள். புடவை மடிப்பில் எட்டு ரூபாய் இருந்தது. "இன்னும் எங்க வெச்சிருக்கே?" என்றார் தாத்தா. "இவ்வளவுதாம்ப்பா." அவள் காட்டக் காட்ட அவருக்குச் சந்தேகம் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை.

ஒரு மாதம் கழித்து முடிச்சு புளிப் பானையில் கிடைத்தது. ஒளித்து வைப்பதை நான் பார்த்துவிட்டேன் என்று பாட்டியே இடம் மாற்றி, மறந்தும் போயிருந்தாள்.

பேரனிடம் கேட்டேன்: "ரகசிய அறையே இல்லாதவன், இல்லைன்னு எப்படி நிரூபிப்பான்?"

சற்று யோசித்து, "முடியாது தாத்தா" என்றான்.

குமாஸ்தா புத்தி, சட்டத்தைப் புரட்டினேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 69-இன்படி, முறையான உத்தரவு வந்தும் பூட்டைத் திறக்க உதவ மறுத்தால் 7 ஆண்டு வரை சிறை. மறுபக்கம், ஒருவர் சம்மதமில்லாமல் நார்கோ சோதனை செய்யக்கூடாது என்று செல்வி வழக்கில் 2010-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டும் இருப்பதைச் சொல்ல மறுப்பவனைப் பற்றியவை. அத்தையிடம் சொல்வதற்கே எதுவும் இருக்கவில்லை.

பணம் கிடைத்த அன்று அவளிடம் யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை, நானும்தான். பிறகும் எத்தனையோ முறை அவள் கையால் சாப்பிட்டிருக்கிறேன். கேட்க வாய் வரவில்லை. அவள் போய் இருபது வருஷம் ஆகிறது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்: அத்தை, உங்களிடம் இருந்தது அந்த எட்டு ரூபாய்தான்.