சரிவுதான் பிரேக்

பனி இல்லாத கோடையிலும் சறுக்க வேண்டும் என்று தவித்தவர்கள் 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா என்று தனித்தனியே உருவாக்கியது மவுண்டன் போர்டு. ஸ்கேட்போர்டைவிட நீளமான பலகை, காற்றடைத்த 8 அங்குல டயர் நான்கு, பாதத்தை நுழைத்துக்கொள்ள இரண்டு பட்டை. மலையே இல்லாத கும்மிடிப்பூண்டியில் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வாய் என்று ஷிப்டில் கூட இருப்பவர்கள் இன்னும் கேட்கிறார்கள்.

கற்றுக்கொள்ள இதைவிட நல்ல ஊர் இல்லை என்பேன். பெரும்பாலான போர்டுகளில் பிரேக் கிடையாது. புதிதாக ஏறுகிறவரை நிறுத்துவது நிலம்தான். எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில் மாடும் டிராக்டரும் இறங்கித் தேய்ந்த வண்டிப்பாதை இருக்கும். இரண்டு ஆள் உயரத்துக்குச் சரிவு, அப்புறம் சமமான மேய்ச்சல் தரை. வண்டி தானாக ஓய்ந்து நின்றுவிடும். கரையின் நேர்ச்சரிவில் இறங்க வேண்டாம். செங்குத்து என்பது ஒரு காரணம், மண் சரிந்தால் ஊருக்குத் தண்ணீர் நிற்காது என்பது பெரிய காரணம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை இறுகிய தை, மாசி மாதங்கள் நல்ல காலம். ஈரப்புல்லில் டயர் வழுக்கும்.

பாதிச் சரிவிலிருந்து தொடங்குங்கள். முழங்காலை மடக்கி, எடையை முன்காலில் வையுங்கள். பயம் வந்தால் உடம்பு தானாகப் பின்னால் சாயும். சாய்ந்த மாத்திரத்தில் முன்டயர் பிடி விடும், திருப்பினால் திரும்பாது. கால்விரல் பக்கம் அழுத்தினால் ஒரு பக்கம், குதிகால் பக்கம் அழுத்தினால் மறுபக்கம். அப்படியே குறுக்கே போய் மேட்டைப் பார்த்துத் திருப்பினால் வேகம் செத்துவிடும். இரண்டு பக்கமும் இப்படி நிறுத்த வரும்வரை உச்சிக்குப் போகாதீர்கள்.

தலைக்கவசம் பற்றிக் கொஞ்சம் நீட்டியே சொல்ல வேண்டும். இங்கே வீட்டுக்கு வீடு ஆலை ஹெல்மெட் தொங்குகிறது. அதையே மாட்டிக்கொண்டு வருகிறார்கள். உள்ளே ஐ.எஸ். 2925 என்று அச்சிட்டிருக்கும் அந்த ஹெல்மெட், மேலிருந்து விழும் பொருளைத் தாங்கச் செய்தது. ஆள் மல்லாந்து விழுந்தால் பின்மண்டையை அது காக்காது. தரையில் படும் முன்பே கழன்று ஓடினாலும் ஓடும். சைக்கிள் அல்லது ஸ்கேட்டிங் ஹெல்மெட் வாங்குங்கள். அதுவரை பைக் ஹெல்மெட், கனத்தாலும் வேர்த்தாலும் பரவாயில்லை.

அடுத்தது மணிக்கட்டு. விழும்போது கையை ஊன்றுவது பிறவிப் பழக்கம், மணிக்கட்டு முறிவதும் அதனால்தான். காப்பு போட்டுக்கொண்டு, போர்டு இல்லாமலே புல்தரையில் கையை மடக்கித் தோள்பட்டையில் உருண்டு பழகுங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நம் கரைகளின் தனிப் பகை சீமைக்கருவேல முள். காய்ந்த முள் டயரைத் துளைத்து டியூபுக்குள் ஒடிந்து நிற்கும். டயரின் உட்புறத்தை விரலால் தடவி அந்த முனையை எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். பஞ்சர் கடைக்காரர் கம்ப்ரசர் குழாயைச் செருகினால், இந்தச் சின்ன டியூப் கண் மூடித் திறப்பதற்குள் கல்லாகிவிடும். கால்பம்பில் நீங்களே அடியுங்கள். புதியவருக்கு 20, 25 பிஎஸ்ஐ போதும். டயர் மெத்தென்று இருந்தால் வேகமும் கட்டுக்குள் நிற்கும்.

பலகை விளையாட்டு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக் கமலி மூர்த்தி ஸ்கேட்போர்டு ஓட்டுவதைச் சொல்லும் ‘கமலி’ குறும்படம் 2020 பாஃப்டா விருதுக்குப் பரிந்துரையானது. வென்றது காபூல் சிறுமிகள் ஸ்கேட்போர்டு கற்கும் படம். கமலி வெறுங்காலோடு சறுக்கும் புகைப்படத்தைப் பார்த்து ஷூவைக் கழற்றிவிடாதீர்கள். அது வழவழப்பான சிமென்ட் தளம். நமக்கு வாய்த்தது செம்மண் சரளை.

கடைசியாக ஒன்று, சிப்காட் இளைஞர்களுக்கு. தார்ச்சாலை வழுவழுவென்று இருக்கிறதே என்று அங்கே பழகப் போகாதீர்கள். அங்கே ஞாயிற்றுக்கிழமையும் லாரி ஓடும்.