சோதனைக் குழாயில் ஒரு ராணி

மழை விட்ட இரவுகளில் எங்கள் புளோக்கின் தாழ்வார விளக்குக்கு அடியில் இறக்கைகள் கொட்டிக் கிடக்கும். ஈசல் என்று கூட்டித் தள்ளிவிடுவேன். ஒருநாள் துடைப்பத்தை எடுத்தபோது மகள் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா, இதுக்கு இடுப்பு இருக்கு."

உண்மைதான். ஈசலுக்கு நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பே கிடையாது. எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது. உணர்கொம்பு முழங்கைபோல் மடிந்திருக்கும். சுவரோரம் ஓடிக்கொண்டிருந்தது ஒரு கட்டெறும்பு ராணி. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும். இறக்கையை உதிர்த்திருந்தாள், அப்படியென்றால் பெரும்பாலும் இணை சேர்ந்துவிட்டாள் என்று பொருள். (பூங்காவிலும் இயற்கை வனப்பகுதியிலும் அனுமதியின்றி எதையும் பிடிக்கக்கூடாது. இவள் வாசல் தேடி வந்தவள்.)

சோதனைக் குழாயில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, பிறகு ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. அவ்வளவுதான் வீடு. இருட்டில் வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். அடிக்கடி எடுத்துப் பார்த்தால் மிரண்டு தன் முட்டையையே தின்றுவிடுவாள். சாப்பாடும் வேண்டாம். இனிப் பறக்கப் போவதில்லை என்பதால் இறக்கைத் தசைகளைத் தன் உடலுக்குள்ளேயே கரைத்து முதல் பிள்ளைகளுக்கு ஊட்டுகிறாள்.

இதை என் அம்மாவால் ஏற்கவே முடியவில்லை. "புள்ளத்தாச்சியப் பட்டினி போடலாமா?"

யாரும் பார்க்காத நேரத்தில் பஞ்சை விலக்கி ஒரு சொட்டுத் தேன் விட்டிருக்கிறார். நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டே நாளில் பூசணம் பிடித்தது. சமையலறையில் திரியும் வெளிர்நிறக் குட்டி எறும்புகள் தேன் வாசத்துக்குப் பஞ்சைத் துளைத்து நுழைந்தன. மூன்றாம் நாள் ராணி கால்களை மடக்கிக் கிடந்தாள். முட்டை ஒன்றுகூட மிச்சமில்லை.

மகள் பாட்டியிடம் ஒரு வாரம் பேசவில்லை. அம்மாவும் சமாதானம் சொல்லிப் பார்க்கவில்லை. தொலைக்காட்சித் தொடரைக்கூட அறைக்குள் போய்த்தான் பார்த்தார்.

அடுத்த பெருமழை இரவில் பத்து மணிக்கு அம்மாவைக் காணோம். தாழ்வாரத்தில், காலி ஹார்லிக்ஸ் போத்தலோடு விளக்கடியில் நின்றிருந்தார். மூன்று பிடித்து வைத்திருந்தார். இரண்டு ஈசல். மூன்றாவதற்கு இடுப்பு இருந்தது.

காவலுக்கும் அவரே வழி சொன்னார். அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரியின் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பார்களாம். அதேபோல் குழாயை ஒரு முக்காலியில் வைத்து, கால்களைச் சவர்க்காரத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினோம். டெங்கிப் பயம் இருப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றுவது மகளின் வேலை. அதற்காகவாவது இருவரும் பேசியாக வேண்டியிருந்தது.

ஆறாவது வாரம் கூட்டைக் கிழித்துக்கொண்டு நான்கு வேலைக்கார எறும்புகள் வந்தன. ராணிக்குப் பக்கத்தில் தூசுபோல் இருந்தன. இனி உணவு கொடுக்கலாம் என்றேன்.

அம்மா பல்குத்தும் குச்சி நுனியில் தேனைத் தொட்டு எடுத்து வந்து, மகளிடம் காட்டினார். "இவ்ளோ போதுமா?"

"இன்னும் கொஞ்சம் கம்மி பண்ணுங்க, பாட்டி."