குளிராத குளிர்சாதனம்

சித்திரை பிறந்துவிட்டால் நம் கொங்கு மண் கொதிக்கத் தொடங்கிவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குக் காற்று வீசி வரும்வரை அவிநாசி வட்டாரத்தார்க்கு ஆறுதல் இல்லை. முன்னாளில் ஓட்டு வீடும், உயர்ந்த ஆசாரமும், வாசலில் வேப்பமரமும் இருந்தன. இந்நாளில் காங்கிரீட் கூரை வந்தது, வேம்பு போயிற்று. ஆகவே, ஒரு காலத்தில் செல்வர் வீட்டுப் பொருளாயிருந்த ஏ.சி., இன்று தொழிலாளர் இல்லங்களிலும் தவணைப் பணத்தில் நுழைந்திருக்கிறது. இதனை ஆடம்பரம் என்று பழிப்பது எளிது. முதியோரும் நோயாளரும் படுத்திருக்கும் அறைக்குள் சித்திரை வெயிலில் நுழைந்து பார்த்தவர்கள் அவ்வாறு பழிக்கமாட்டார்கள்.

இக்கருவியின் வரலாற்றில் ஒரு பகுதி நோயாளியின் கட்டிலருகேதான் தொடங்குகிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சலுற்றோரின் அறையைக் குளிர்விக்கப் பனிக்கட்டியைத் தொங்கவிட்டார். பனிக்கட்டியோ வடக்கிலிருந்து கப்பலில் வரவேண்டியிருந்தது. எனவே அதனைச் செய்யும் இயந்திரத்தையே உருவாக்கி, 1851-ல் காப்புரிமை பெற்றார். பின்னர் 1902-ல் வில்லிஸ் கேரியர் என்பவர் நியூயார்க்கின் அச்சகம் ஒன்றிற்காகக் காற்றின் ஈரத்தை அடக்கும் கருவியை வகுத்தார். 'ஏர் கண்டிஷனிங்' என்ற பெயரோ 1906-ல் ஸ்டூவர்ட் கிராமர் என்னும் பஞ்சாலைப் பொறியாளர் சூட்டியது. நூல் அறாதிருக்க ஆலைக் காற்றைப் பதப்படுத்துவதற்கு அவர் வைத்த பெயர் அது. பஞ்சும் நூலும் நம் பிழைப்பாதலின், இச்செய்தி நமக்கு இனிக்கவே செய்யும்.

சென்ற ஆண்டு கோடையில், முதல் வெள்ளியன்று நோயாளர்களுக்கு நற்கருணை கொண்டு சென்றபோது ஓர் இல்லத்தில் நுழைந்தோம். மகன் பனியன் கம்பெனியில் வேலை செய்பவர். எண்பது வயதைக் கடந்த தாயார் இரண்டாண்டாகப் படுக்கையில் இருந்தார். சுவரில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, அம்மூதாட்டியின் நெற்றியிலோ வியர்வை வழிந்தது.

"ஓடுதுங்க சாமி, ஆனாக் குளிர மாட்டேங்குதுங்க. வருசா வருசம் கேஸ் தீந்து போச்சுன்னு ஊத்திட்டுப் போறாங்க. வளையலை அடகு வெச்சுப் புதுசு ஒண்ணு வாங்கிரலாம்னு இருக்கறேனுங்க" என்றார் மகன்.

"எனக்கெதுக்குச் சாமி இந்தச் செலவு? விசிறி போதுமுங்க" என்றார் தாயார்.

இவ்விரு சொற்களும் நம்மை உறுத்தின. இத்தொழிலில் நெடுங்காலம் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர் நம் பங்கில் உண்டு. அவரை அழைத்துச் சென்றோம். அவர் செய்தவை ஒவ்வொன்றும் எல்லார்க்கும் பயன்படுமாதலின் இங்கே வரைகிறோம்.

முதலில் அவர் கூறியது இது: "காற்றுக் குறைவது ஒரு குறை, குளிர்ச்சி குறைவது வேறொரு குறை. இரண்டையும் பிரித்தறிய வேண்டும்." பின்னர் கருவியின் முகப்பைத் திறந்து வடிகட்டியை உருவினார். வீட்டை ஒட்டி விசைத்தறிக் கூடம் ஒன்று இருந்தது. அதன் பஞ்சுத் தூசு கம்பளிபோல் படிந்திருந்தது. வெறும் நீரில் அலசி நிழலில் உலர்த்தி மாட்டியதும் காற்று நன்றாக வந்தது. இதற்குக் காசு செலவில்லை. கோடையில் இரு வாரத்திற்கு ஒருமுறை வீட்டாரே செய்யலாம்.

ஆயினும் குளிர்ச்சி போதவில்லை. கருவிக்குள் நுழையும் காற்றையும் வெளிவரும் காற்றையும் வெப்பமானியால் அளந்தார். நல்ல நிலையிலுள்ள கருவியில் இவ்விரண்டிற்கும் ஏறத்தாழ 8 முதல் 12 டிகிரி வேறுபாடு இருக்கும். அங்கே 5 டிகிரியே இருந்தது.

அடுத்து வெளிப்புறப் பெட்டியை நோக்கினார். ஏ.சி. குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை, அறையின் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடத்தில் வழி அடைபட்டால் அள்ளுவதும் நின்றுபோகும். அங்கோ பெட்டிக்கு முன்னே சாக்கு மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றை அகற்றி, மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்திவிட்டு, தகடுகளில் அடைந்த அழுக்கை மெல்லிய நீர்த்தாரையால் கழுவினார். நிலைமை சற்றே தேறியது.

இறுதியில் செப்புக் குழாயின் இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவினார். ஓரிடத்தில் குமிழிகள் கிளம்பின. "இதோ, ஆண்டுதோறும் நீங்கள் ஊற்றிய பணம்!" என்றார். கேஸ் என்பது அடுப்பின் எரிவாயுவைப்போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. அது குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்பதே பொருள். கசிவை அடைக்காமல் கேஸ் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். பயிற்சி பெற்ற இளைஞர் ஒருவர் வந்து, இணைப்பைப் புதிதாக அமைத்து, குழாயிலிருந்த காற்றை பம்ப்பால் உறிஞ்சி அகற்றி, பெட்டியின் தகட்டில் குறித்த எடைப்படி கேஸை நிறுத்து ஏற்றினார். இன்று பல கருவிகளில் உள்ள ஆர்-32 தீப்பற்றக்கூடியது. உள்ளிருக்கும் கப்பாசிட்டரோ சுவிட்சை நிறுத்திய பின்னும் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். ஆதலின் இவ்வேலைகளில் வீட்டார் கைவைத்தலாகாது.

அறையைப் பற்றியும் ஒரு சொல். ஏ.சி.யின் திறனை வெளியே 35 டிகிரி இருப்பதாகக் கொண்டே அளந்து குறிக்கிறார்கள். வெளியே 40 டிகிரி ஏறும்போது அத்திறன் குறையும். நாள் முழுதும் காய்ந்த காங்கிரீட்டோ இரவிலும் அனலை உமிழும். அப்பெரியவர் சொற்படி மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். மேற்கு ஜன்னலுக்குக் கனத்த திரையிட்டார்கள். கதவின் அடியிடுக்கைத் துணியால் அடைத்தார்கள். 18-ல் இருந்த அளவை 24-க்கு மாற்றினார்கள். வேகம் மாறாத பழைய வகைக் கருவி எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும். எண்ணைக் குறைத்தால் நெடுநேரம் ஓடி மின்கட்டணத்தையே ஏற்றும். வளையலும் அடகுக்குப் போகாமல் தப்பியது.

வாசகர்காள், பழுது நீக்குவோர் வந்தால் "கேஸ் குறைந்தது" என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். "எங்கே கசிகிறது? காட்டுங்கள்" என்று பணிவோடு கேளுங்கள். நேர்மையான தொழிலாளி அக்கேள்விக்கு மகிழ்ந்தே விடை தருவார்.

கருவி பழுதானாலும், மின்சாரம் நின்றாலும், வீட்டு முதியோரை மறவாதீர்கள். வயது ஏற ஏறத் தாகவுணர்வு மங்கும். ஆகவே அவர்கள் கேளாமலே நீர் கொடுங்கள். நீர் அருந்தும் அளவை மருத்துவர் வரையறுத்திருந்தால் மட்டும் அவ்வளவைக் கடைப்பிடியுங்கள். 40 டிகிரிக்கு மேற்பட்ட வெக்கையில் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதில்லை, அனலையே வீசும். அவ்வேளையில் ஈரத்துணியால் உடலைத் துடையுங்கள். உடல் நெருப்பாய்க் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தடுமாறினால் அது வெப்ப மயக்கம் என்று அசட்டையாக விடத்தக்கதன்று, உயிருக்கு ஆபத்து. உடனே 108-ஐ அழையுங்கள். "எனக்கெதுக்கு இந்தச் செலவு?" என்று கேட்கும் பெற்றோர் வெக்கை தாங்காமல் தவிக்கும்போதும் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். அவர்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்து அறிவது பிள்ளைகளின் கடமை.